மோட்டார்கள் அடுக்கிய பாடங்கள்

"சார், நம்ம ட்ரெயினிங் ஆப்புல இருக்கற முந்நூத்தி நாப்பது பாடத்தையும் ரிப்பேரு மோட்டாருங்களே கலைச்சி அடுக்கிக்கினுச்சிங்க. மனுசன் கை படவே இல்ல!"

போனில் இப்படி அளந்தவர் பம்ப்செட் கம்பெனியின் திண்டிவனம் கிளை ஸ்டோர் கீப்பர் அரசப்பன். மரக்காணம் சந்தையில் ஓர் இறால் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாக அவர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆகையால் விழுப்புரத்தில் இருந்த பயிற்சி அதிகாரி சுப்பராயலு மோட்டார் விஷயத்தை நம்பவில்லை. கலைத்தது மட்டும் நிஜமாயிருக்கும் என்று தோன்றியது.

அந்தப் பாடங்களை அடுக்கியவரே அவர்தான். மெக்கானிக்குகள் கைபேசியில் படிக்கட்டும் என்று கம்பெனி 2016இல் பயிற்சித் தளம் ஒன்றைத் திறந்தபோது, மூன்று மாதம் சோறு தண்ணி மறந்து பதினான்கு தலைப்பு, அதற்குள் உட்தலைப்பு, அதற்கும் உள்ளே ஒன்று என்று அடுக்கினார். விரித்துப் போட்டால் விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் இடம் போதாமல் தண்டவாளத்தில் இறங்கிவிடும். மெக்கானிக்குகளோ, "கம்பெனி நமக்கு ஆப்பு வெச்சிருச்சிப்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு பாடத்தைக்கூடத் திறக்கவில்லை.

திண்டிவனத்தில் போய் இறங்கியதும் விசாரித்தார். கலைத்தது செந்தாமரை. கிளைக்கு வரும் புகார் போன்களைப் பதினோரு வருஷமாக எடுப்பவர்.

"ஏம்மா, என் பதினாலு தலைப்பு எங்க?"

"பத்திரமா மூட்டை கட்டி வெச்சிருக்கேன் சார். ஒண்ணும் காணாம போவல."

"தலைமை அலுவலகத்துல கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள நான் பழையபடி மாத்தியாகணும். அப்புறம் நீ அதுல கை வெக்க முடியாது. தெரியுமா?"

செந்தாமரைக்கு முகம் சுருங்கிவிட்டது. கைபேசியை நீட்டினார். திரையில் ஆறே ஆறு பொத்தான்கள். 'கொர்', 'கடகட', 'க்ரீச்', 'டப்பு டப்பு', 'கல்லு அரைக்குது', 'சத்தமே இல்ல'. சுப்பராயலு ஒன்றைத் தொட்டார். கைபேசிக்குள்ளிருந்து ஒரு மோட்டார் அலறியது. ஸ்டோரில் தூங்கிக்கொண்டிருந்த பூனை மூன்று அலமாரி தாண்டிக் குதித்தது.

"இன்னாம்மா இது, கச்சேரியா?"

"போன் பண்றவங்க யாரு சார் இம்பெல்லர் பழுதுன்றாங்க? கொர்ருன்னுதும்மான்றாங்க. பேஜாரா இருந்தா மோட்டாரு பக்கத்துலயே போன வெச்சிடறாங்க. அதான் பின்னாடி ரிப்பேருக்கு வந்து கெடக்கற மோட்டார ஒண்ணொண்ணா ஓடவிட்டு சத்தத்தப் புடிச்சேன். எந்தச் சத்தத்துக்கு எந்தப் பாடமோ அதுக்குக் கீழ போட்டுட்டேன்."

"லைன்ல நின்னு சத்தம் குடுத்துச்சிங்க சார்!" என்றார் அரசப்பன். "ஒரு அஞ்சு ஹெச்பி மோட்டாரு கூச்சப்பட்டுக்கினு கடைசியா வந்துச்சி."

"அரசப்பன், நீங்க சும்மா இருங்க. ஏம்மா, என் அடுக்குல இன்னா குத்தம்?"

"குத்தம்னு இல்ல சார். பைப்புக்குள்ள இருக்கற காத்த வெளிய வுடற பாடம் முதலுதவில இருந்துச்சி."

சுப்பராயலு விழித்தார். காற்றை வெளியேற்றுவதை இங்கிலீஷில் ப்ளீடிங் என்பார்கள். மொழிபெயர்த்த புண்ணியவான் அதை 'இரத்தப்போக்கு' ஆக்கிவிட்டான். தலைப்பை மட்டும் பார்த்த சுப்பராயலு அதைப் பாம்புக்கடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

பட்டறையிலிருந்து கண்ணையன் எட்டிப் பார்த்தார். இருபது வருஷமாக உட்கார்ந்த இடத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், கிணற்றுப் பக்கமே போகாதவர். "நானும் ரத்தம் எப்ப வரும்னு பாத்துக்கினே இருந்தேன் சார். கடைசி வரிக்கும் ஸ்பேனர்தான் வந்துச்சி."

"ஃபீமேல் கப்ளிங்க பெண் இணைப்புன்னு மாத்தி, அது பெண்கள் பாதுகாப்புல இருந்துச்சி சார்" என்றார் செந்தாமரை. "அத நானே படிச்சேன். என் பாதுகாப்புக்கு ஒண்ணரை இஞ்ச் பைப்பு மாட்டிக்கணுமாம்."

சுப்பராயலுவின் காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "சரி. காயில் மட்டும் தெரிஞ்ச கண்ணையன், இந்தச் சத்தத்த வெச்சிக்கினு ஒரு கெணத்து மோட்டார சரி பண்ணிக் காட்டட்டும். அதே பழுத நான் என் பழைய அடுக்குல தேடறேன். அவரு ஜெயிச்சா உன் அடுக்கு இருக்கட்டும். இல்லன்னா கலைச்சிடுவேன்."

சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது. ஓலக்கூரிலிருந்து லட்சுமியம்மாள். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், மோட்டார் எதையோ அரைக்கிற மாதிரி ஓடுகிறது, தண்ணீர் நூலாக வருகிறது. "ஜல்தியா ஆள அனுப்பும்மா!"

மற்ற மெக்கானிக்குகள் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். கண்ணையன் செந்தாமரையின் கைபேசியில் 'கல்லு அரைக்குது' பொத்தானை அமுக்கி, போன் பக்கத்தில் பிடித்தார்.

"இந்தச் சத்தமா வருதும்மா?"

"அய்யய்யோ! எம் மோட்டாரு உங்க ஆபீசுக்கு எப்ப வந்துச்சி?"

அந்தப் பொத்தானுக்குக் கீழே மூன்றே பாடம். கண்ணையன் முதலாவதை உதடு அசைய அசையப் படித்தார். "மோட்டார நிறுத்திட்டு, கெணத்துக்குள்ள பைப்பு அடில இருக்கற ஃபுட்வால்வ ஆள வெச்சித் தூக்கிப் பாருங்கம்மா. சல்லடைல பாசி அடைச்சிருக்கும். சுத்தம் பண்ணி, பைப்புல தண்ணி ரொப்பிட்டுப் போடுங்க."

சுப்பராயலு தன் கைபேசியில் சேமித்து வைத்திருந்த பழைய அடுக்கில் தேடத் தொடங்கினார். நீரியலில் இல்லை. பராமரிப்பில் போனார், அங்கே எட்டு உட்தலைப்பு. ஒன்றுக்குள் நுழைந்து வெளியே வந்தால் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதே மறந்துவிட்டது. வியர்த்தது. அரசப்பன் கணக்குப்படி, அவர் தேடிய நேரத்தில் சென்னைக்குப் போன ஒரு ரயில் திரும்பி வந்துவிட்டது. நிஜத்தில் ஒரு மணி நேரம்தான்.

போன் மறுபடி அடித்தது. செந்தாமரை ஸ்பீக்கரில் போட்டார். முதலில் பேச்சே இல்லை. தொட்டிக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் ஆபீஸ் முழுக்க நிறைந்தது. "கேக்குதா?" என்று கத்தினார் லட்சுமியம்மாள். "வாழப்பூ மாதிரி பாசிய வழிச்சிப் போட்டேன்! ஆளு வேணாம், யாரையும் அனுப்பாத!"

சுப்பராயலு ஒன்பதாவது தலைப்பில் நின்றிருந்தார். அதை மூடினார். செந்தாமரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சுப்பராயலுவின் கைபேசி மணி அடித்தது. தலைமை அலுவலகம்.

"இல்லைங்க, மாத்தல. மாத்தவும் மாட்டேன். இதே அடுக்க எல்லாக் கிளைக்கும் போடச் சொல்லி எழுதித் தர்றேன்... செந்தாமரைன்னு ஒரு அம்மாதாங்க. ஆனா அவங்கள மட்டும் சொல்ல முடியாது..." அவர் அரசப்பனை ஒரு முறை முறைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "மோட்டாருங்களே அடுக்கியிருக்குதுங்க. ஆமாங்க, நெஜமாத்தான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."