மாமனார் வீட்டு மீட்டர்

குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கும் அவருக்கு, கூட வேலை செய்பவர்கள் 'முடிவுரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாராவது ஒரு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தால் போதும், இரண்டாவது வாக்கியம் வருவதற்குள் அது எங்கே போய் முடியும் என்று இவர் சொல்லிவிடுவார். மேலதிகாரி திடீரென்று தாடி வளர்த்தபோது, "வீட்டுல சண்டை" என்றார். அவருக்குத் தாடையில் கட்டி, மருத்துவர் சவரம் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிய வந்தது. முடிவுரை அசரவில்லை. "கட்டி எதனால வருது? கவலையால. கவலை எதனால வருது? நான் சொன்னது சரிதானே?" ஒரு முடிவுக்கு வந்தபின் அதை விட்டு இறங்கிய வரலாறு அவருக்கு இல்லை.

அப்படிப்பட்டவரின் சரகத்தில்தான் அவருடைய மாமனாரின் குடியிருப்பும் இருந்தது. மாமனார் ஓய்வுபெற்ற நில அளவையாளர். மனைவி இறந்து நான்கு வருடங்களாக மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். மாடிப்படிக்கு அடியில் பன்னிரண்டு மீட்டர்கள் வரிசையாக இருக்கும். மாமனாருடையது கடைசி. மாதம் ஆறு யூனிட், மிஞ்சினால் ஏழு. அந்த மாதம் அது பத்தொன்பது காட்டியது.

முடிவுரை கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பத்தொன்பதேதான். மற்ற வீடுகளில் இப்படிக் கூடினால், 'கசிவு இருக்கலாம், சரிபார்க்கவும்' என்று ஒரு சீட்டு எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அன்று காலையில் மட்டும் அப்படி இரண்டு சீட்டு எழுதியிருந்தார். ஆனால் சொந்தம் என்று வந்துவிட்டால் புத்தி குழாயை விட்டுவிட்டு மனிதர்களைத்தான் சந்தேகப்படுகிறது. தனி ஆள், பத்தொன்பது யூனிட். அப்படியானால் தனி ஆள் இல்லை.

படியேறிப் போய் மணியை அடித்தார். மாமனார் கதவைத் திறந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. என்ன இந்த நேரத்துல?"

"சும்மாதான் மாமா." முடிவுரையின் கண்கள் கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போய், அங்கிருந்து குளியலறைக் கதவுக்குத் தாவின. "தனியா இருக்க உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

மாப்பிள்ளையின் கண் போன வழியே மாமனாரின் கண்ணும் போய்த் திரும்பியது. "தனியாவா? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. பொழுது போறதே தெரியல" என்றார்.

அப்படியெல்லாம் இல்லை என்றால் தனியாக இல்லை என்றுதானே பொருள் என்று எண்ணியபடி முடிவுரை படியிறங்கினார். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும் முன்னே, அவள் அப்பாவுக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னார்.

"எங்கப்பாவா?" அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். எதையும் எளிதில் நம்பாதவள். "ரெண்டு காலுறைய ஜோடி சேர்க்கத் தெரியாத மனுஷன்."

"அதான் சேர்த்துக் கொடுக்க ஆள் வந்தாச்சு."

அவள் சிரித்தாள். ஆனால் அவர் விடவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு முறையும், தனிமை கஷ்டமில்லையா என்று ஒரு தூண்டில் போட்டார். ஒவ்வொரு முறையும் ஏதாவது சிக்கியது. முதலில் மாமனாரின் நரை காணாமல் போயிருந்தது, மை போட்டதில் காதுமடலும் கறுத்திருந்தது. அடுத்த முறை, கைகழுவும் இடத்தில் இருந்த குவளைக்குள் இரண்டு பல்துலக்கிகள் நின்றன. அதற்கடுத்து பால்கனியில் இரண்டாவதாக ஒரு நாற்காலி முளைத்தது. ஒருநாள் இவர் உள்ளே நுழையும்போது மாமனார் செல்போனில், "சரி சரி, சாயங்காலம் சேர்ந்தே போவோம்" என்று தேவைக்கு மேல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பல்துலக்கி வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த மனைவி, இதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினாள்.

அடுத்த மாதக் கணக்கு இருபத்தாறு யூனிட். முடிவுரை மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "ஏழு கூடியிருக்கு. அந்தம்மா பிள்ளையையும் கூட்டிட்டு வந்துட்டாங்க போல."

அதற்குமேல் பொறுக்க முடியாமல் அவள் தன் தங்கையை அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் மாமனார் வீட்டுப் படியேறினார்கள். அக்கா சண்டைக்குத் தயாராக வந்தாள். தங்கை சமாதானத்துக்குத் தயாராக, புதிதாக வரப்போகிற சித்திக்கென்று ஒரு கைப்பையை வாங்கிக் காகிதம் சுற்றிக்கொண்டு வந்தாள். முடிவுரை, தான் சொன்னது பலிக்கப் போவதைப் பார்க்க வந்தார்.

மூன்று பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் மாமனாரின் முகம் இறுகியது. யாரும் உட்காரவில்லை.

"அப்பா, அவங்க எங்க?" என்று தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"நான் வரமாட்டேன்" என்றார் மாமனார்.

"எங்க வரமாட்டீங்க?"

"உங்க வீட்டுக்கு. அக்கா வீட்டுக்கும்தான். இந்த வீட்ட விக்கவும் விடமாட்டேன்."

"வீட்ட யாருப்பா விக்கறா?" என்றாள் அக்கா. சண்டைக்கென்று வைத்திருந்த குரல் பாதியிலேயே தடுமாறியது.

மாமனார் மாப்பிள்ளையைக் காட்டினார். "ஒரு மாசமா வர்றாரு. வந்ததும் 'தனியா கஷ்டமா இல்லையா'ன்னு கேக்கறாரு. வாய் கேக்குது, கண்ணு ஒவ்வொரு அறையா அளக்குது. முப்பத்தோரு வருஷம் நிலம் அளந்தவன் நான். ஒருத்தர் கண்ணால இடத்த அளந்தா எனக்குத் தெரியாதா? வீட்ட வித்துட்டு என்னை உங்க பின்னறையில கொண்டுபோய் வைக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அதுக்காகவா தலைக்கு மை?" என்றாள் அக்கா.

"வயசாயிடுச்சுன்னு சொல்லிடக் கூடாதுல்ல."

"ரெண்டாவது பிரஷ்?" என்றார் முடிவுரை. "நாற்காலி?"

"அடிக்கடி யாராவது வந்து தங்கிட்டுப் போற மாதிரி தெரியட்டும்னுதான். எனக்கு ஆள் பழக்கம் இருக்கு, தனியா கிடக்கலன்னு நீங்க நினைக்கணும்."

"சாயங்காலம் சேர்ந்தே போவோம்னு சொன்னீங்களே, அது?"

மாமனார் கொஞ்சம் கூச்சப்பட்டார். "அந்தப் பக்கம் யாரும் இல்ல மாப்பிள்ளை. பேசி முடிச்சுட்டுப் பாத்தா போனே அணைஞ்சு கிடந்துச்சு."

தங்கை கைப்பையோடு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். காலுக்கடியில் மண் நழுவினாலும் முடிவுரையிடம் இன்னும் ஒரு பிடிமானம் இருந்தது. "எல்லாம் சரி. இருபத்தாறு யூனிட் தண்ணிய யார் குடிச்சது?"

அப்போதுதான் குளியலறையிலிருந்து சன்னமாக ஒரு சத்தம், யாரோ பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவதுபோல் விடாமல் கேட்டது. நான்கு பேரும் போய்ப் பார்த்தார்கள். அக்கா ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் தூக்கினாள். உள்ளே வாஷர் தேய்ந்து, தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அது கிட்டத்தட்ட ரெண்டு மாசமா ஓடுது" என்றார் மாமனார். "மாப்பிள்ளைகிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா, 'பாருங்க, உங்களால தனியா சமாளிக்க முடியல'ன்னு ஆரம்பிச்சுடுவாரேன்னு விட்டுட்டேன்."

மனைவி மூடியைக் கையில் பிடித்தபடி கணவனைப் பார்த்தாள். "கசிவு இருக்கலாம்னு ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு எழுதறீங்க?"

"நாலஞ்சு" என்றார் முடிவுரை. பிறகு, பழக்கதோஷத்தில், "இருந்தாலும்..." என்று ஆரம்பித்தார்.

"இருந்தாலும்?"

"ஒண்ணுமில்ல. கடை திறந்திருக்கும். வாஷர் வாங்கிட்டு வர்றேன்."

வாங்கி வந்து, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்கை வரைக்கும் டேங்குக்குள் கையை விட்டார். மாமனார் பக்கத்தில் டார்ச் பிடித்தார். பிடித்தபடியே அவராகப் பேச்செடுத்தார்.

"அவ போன முதல் வருஷம் ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்ப யாரும் கேக்கல. இப்பப் பழகிடுச்சு, பிடிச்சும் இருக்கு. இதத்தான் நானும் நேரா சொல்லியிருக்கணும்."

வாயை உடனே திறந்து பதில் சொல்ல முடியாதபடி முடிவுரையின் உதடுகளுக்கு இடையில் ஒரு திருகாணி இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார். காது சூடாகிவிட்டிருந்தது.

கதவருகில் நின்ற தங்கைக்குத்தான் மனசே ஆறவில்லை. "மூணு நாளா ஒத்திகை பாத்தேன்பா. 'எங்களுக்கு ஆட்சேபணை இல்ல, நீங்க சந்தோஷமா இருந்தா போதும்'னு சொல்லணும்னு."

"ஆட்சேபணை இல்லையா?" என்றார் மாமனார்.

"எனக்கு இருந்துச்சு" என்றாள் அக்கா.

"இருந்துச்சா, இருக்கா?"

அக்கா யோசித்தாள். "தெரியலப்பா. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். தெரிஞ்சு வச்சுக்கலாம்னு." சொல்லிவிட்டு, டார்ச்சைக் கொஞ்சம் தாழ்த்தி, தங்கையின் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். "அத இப்போதைக்கு அலமாரியில வச்சுட்டுப் போ. கடையில திருப்பி எடுத்துக்கவா போறாங்க."

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு இருவரும் சேர்ந்து முடிவுரையைப் பார்த்தார்கள். அவர் திருகாணியை வாயிலிருந்து எடுத்து, அதன் இடத்தில் வைத்து, நிதானமாக முறுக்கினார். மூடியை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"தண்ணி நின்னுடுச்சு மாமா" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தைகூட அவரிடமிருந்து யாராலும் வாங்க முடியவில்லை.