அக்கா அளவெடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் கற்பனையில் பிறந்த கதையல்ல. தையல்காரியான என் அக்கா கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போய்ச் சொதப்பிய கதை. அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

"எழுதித் தொலை. ஆனா என்னை முட்டாளா காட்டாத."

முயல்கிறேன்.

மழை கொட்டிய அந்த மாலையில், தனிமையில் வாடிய ஒரு தாய்

(மழையும் இல்லை, யாரும் வாடவும் இல்லை. அடித்துவிட்டேன்.)

2.

விஷயம் இதுதான். அக்கா மகள் வெளியூரில் படிக்கிறாள். போன் செய்தால், "சாப்டேன், தூங்கப் போறேன்" என்பதோடு சரி. ஞாயிறு சாயங்காலம் அம்மாவும் மகளும் அவரவர் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஆடும்போது மட்டும் அவளுக்கு வாய் மூடாது. விடுதிச் சண்டை, மறைத்துவைத்த காய்ச்சல், எவனோ ஒருவன், எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். [அந்த எவனோ ஒருவனை நீக்கச் சொன்னாள் அக்கா. நீக்கவில்லை.]

போன வாரம் மகள் புதுப் பந்தயத்துக்கு மாறிவிட்டாள். அக்காவின் கம்ப்யூட்டரில் படம் காட்டும் பழைய கிராபிக்ஸ் கார்டில் அது ஓடாது.

3.

இங்கே கார்டுகளின் வேகம், நினைவகம், மின்செலவு பற்றி நீளமாக ஒரு பத்தி இருந்தது. "தூக்கிடு, படிக்கிறவங்க ஓடிடுவாங்க" என்றாள். தூக்கிவிட்டேன்.

கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்.

"கம்ப்யூட்டர் கேபினெட் உள்ள எவ்வளவு நீளம் இடம் இருக்கும்மா?"

அக்கா இன்ச் டேப்பால் அளந்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அளவைச் சொன்னாள். அதற்குக் கச்சிதமாக, கடையிலேயே நீளமான கார்டை எடுத்துக் கொடுத்தார். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடிக்குறிப்பு: அக்கா எதை அளந்தாலும் அவள் வாய் தானாக ஒரு இன்ச் கூட்டிச் சொல்லும். தையலுக்கு விடும் இடம். ஜாக்கெட்டுக்கு அது சரி.

4.

இன்று ஞாயிறு. மதியம் மாட்டிப் பார்த்தோம். ஹார்டு டிஸ்க் வைக்கும் தகரக் கூண்டில் கார்டு முட்டி நின்றது. கார்டு வந்த பெட்டியைப் பிரித்தாயிற்று, கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

"துணியா இருந்தா பிரிச்சு விட்டிருப்பேன்டா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

5.

முடிவுகள்.

அ) கடைக்காரர் மனமிரங்கி மாற்றித் தருகிறார். (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

ஆ) அம்மாவும் மகளும் விளையாட்டை விட்டுவிட்டு, போனில் மனம்விட்டுப் பேசுகிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. அக்காவிடம் படித்தும் காட்டினேன்.

"அதெல்லாம் உன் கதையிலதான் நடக்கும். மூஞ்சியைப் பார்த்துக் கேட்டா அவ சொல்ல மாட்டா. ரெண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தாத்தான் பேச்சு வரும். எனக்கும் அப்படித்தான்டா."

ஆ-வையும் அடித்துவிட்டேன்.

இ) கூண்டை அறுத்து எடுப்பது. கார்டு உட்காரலாம். கம்ப்யூட்டரே போய்ச் சேரவும் செய்யலாம். இதில் எது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் போனில் செய்தி வந்து விழுகிறது.

"அம்மா, ரேஸுக்கு வரியா? ஒண்ணு சொல்லணும்."

அக்கா இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடோடு வந்துவிட்டாள்.

"எழுதினது போதும். வந்து கூண்டைப் பிடி."

மன்னிக்கவும், இரண்டு கையும் வேண்டுமாம். மீதியை நீங்கள்தான்