கடைசி ஆளாக அக்கா

எல்லைச் சாவடியின் மூன்றாம் கவுண்டரில் முத்திரை குத்துகிறவள் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். சொந்தக்காரர் யார் வந்தாலும் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும். எவனும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதாம். பெரிய நியாயவாதி!

அவளுடைய அக்கா வாழ்க்கைப்பட்டது எல்லைக்கு அந்தப் பக்கம். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா இருப்பதோ இந்தப் பக்கம், சின்னவளான இவளுடைய வீட்டில். அக்கா தினமும் காலையில் ஒருநாள் சீட்டோடு வந்து, அம்மாவுக்கு ஊட்டி, உடம்பு துடைத்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிடுவாள். ஆறு தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு உள்ளே கால் வைக்க முடியாது. புதுச் சட்டம். சின்னவளுக்கு அதில் பரம திருப்தி. போன வருஷம் இதே வழியாகத்தானே மூன்று குழந்தைகளைக் கடத்திக்கொண்டு போனார்கள்!

அன்றைக்கு அக்கா திரும்பிப் போக நாலரைக்கே சாவடிக்கு வந்துவிட்டாள். சின்னவள் வழக்கம்போல் கடைசிக்குப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். அக்காவும் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக் கடைசியிலேயே நின்றாள்.

ஐந்தே காலுக்கு ஓர் ஆள் ஒரு சிறுமியோடு வந்தான். தன் மகள் என்றான். காகிதமெல்லாம் கச்சிதம். "உங்க அம்மா பேரு என்ன கண்ணு?" என்று கேட்டதும் பிள்ளை பயந்துபோய் அவன் முகத்தைப் பார்த்தது. இவளுக்குச் சுருக்கென்றது. மணியை அடித்தாள். கேட் மூடிக்கொண்டது. விசாரணை முடியும் வரை ஒரு ஈ காக்கை நகரக் கூடாது, அதுவும் சட்டம்தான். பெற்றவள் தலைவிரி கோலமாக ஓடி வந்து பிள்ளையை வாரியெடுத்தபோது சாவடியே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கேட் திறந்தபோது மணி ஐந்து ஐம்பது. அக்காவுக்கு முன்னால் பதினோரு பேர். எல்லோருக்கும் அதே ஆறு மணிக் கெடு. முன்னால் கூப்பிடலாமா? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு முத்திரை குத்தினாள். கை பறந்தது. அக்காவின் சீட்டு வந்தபோது ஆறு மணி இரண்டு நிமிஷம். கம்ப்யூட்டர் திரை சிவந்தது. ஐந்து வருஷத் தடை.

மேலதிகாரியிடம் ஓடினாள். "சார், நிறுத்தி வச்சது நாமதானே?"

"நாமதான். அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதேம்மா. உனக்குப் பாராட்டுக் கடிதம் போடச் சொல்லியிருக்கேன்."

திரும்பி வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதாள்.

"அழாதடி. அந்தப் புள்ள அம்மாகிட்ட போயிடுச்சுல்ல?" என்றாள் அக்கா.

"போயிடுச்சுக்கா."

"அப்ப நீ செஞ்சது சரிதான்." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "சரிதானே?"

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சின்னவளுக்குத் தலை கிறுகிறுத்தது. சட்டத்தைத் திட்ட நினைத்தால் அந்தப் பிள்ளையின் முகம் வந்தது. மெச்ச நினைத்தால் அக்கா முகம். போதாக்குறைக்குத் தான் போட்ட கடைசி ஆள் சட்டம் வேறு. யாரைத்தான் நொந்துகொள்வது?

அம்மாவின் தலையைத் தூக்கி மாத்திரையை உதட்டருகே கொண்டுபோனாள். கிழவி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நான்தாம்மா. வாயைத் திற."

"பெரியவ வரட்டும்," என்றாள் அம்மா.