எட்டுப் பேருக்கு ஒரு பந்து

நவம்பர் 18, செவ்வாய். ஸ்போகேன்.

தவறு என்னுடையதுதான். குளிர்கால ஆட்டத்துக்கென்று கெட்டியான மஞ்சள் பிளாஸ்டிக் பந்துகளை நான் தேர்ந்தெடுத்தது, என் மாலை வகுப்பு நடக்கும் கட்டடத்தின் வெதுவெதுப்பான உள்ளரங்கில். ஒவ்வொன்றையும் பத்து முறை தட்டி, எழும்பிய உயரத்தைக் குறித்துக்கொண்டேன். வெளியே தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்குப் பூங்காவில், டென்னிஸ் போல வலைக்கு இருபுறமும் நின்று மட்டையால் ஆடும் பிக்கிள்பால் களத்தில், தரை உறைபனியால் வெள்ளை பூத்திருந்தது. நான்காவது அடியிலேயே முதல் பந்து விரிசல் விட்டது.

"பந்து வாங்கினியா பிரிட்டா, முட்டை வாங்கினியா?" என்றார் வெண்டல். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்.

"ஆம்லெட் போட்டுக்கோ," என்றார் ஆட்டத்தில் அவருடைய ஜோடியான லோர்னா. "நீ அடிக்கிற அடிக்கு இரும்பே உடையும்."

மூன்றாவது உடைந்தபோது யாரும் சிரிக்கவில்லை. காலையில் எட்டுப் பேராவது வராவிட்டால் வெள்ளிக்கிழமை வலையைக் கழற்றி, ஏப்ரல் வரை களத்தைப் பூட்டிவிடுவதாகப் பூங்கா அலுவலகம் சொல்லியிருக்கிறது. நாங்கள் சரியாக எட்டுப் பேர். நால்வர் ஆடும்போது மற்ற நால்வரின் மட்டைகள் முறைக்காக வேலியில் செருகியிருக்கும். வெண்டல் வீட்டுக்குக் கிளம்பத் தன் மட்டையை வேலியிலிருந்து உருவினார்.

என் பையில் மெத்தென்ற பிளாஸ்டிக்கில் ஒரு மென்பந்து இருந்தது. உள்ளரங்கில் தொய்வாகத் தெரிந்ததால் ஒதுக்கியது. "இதுல ஒரு ஆட்டம் மட்டும்," என்று கெஞ்சினேன். இருபது நிமிடம் ஆடியும் உடையவில்லை. ஆனால் கணுக்காலுக்கு மேல் எழும்பவும் இல்லை.

"உடையலையே," என்றேன்.

"பந்து உடையல. குனிஞ்சு குனிஞ்சு என் முதுகு உடையுது," என்றார் வெண்டல். "பதினோரு மணிக்கு இங்க வெயில் விழும். ஆட்டத்தை அப்ப வெச்சா வரேன். இல்லேன்னா வலையைக் கழட்டிட்டுப் போகட்டும், எனக்கு சோபா இருக்கு."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். லோர்னா மட்டும் என்னைப் பார்த்தார். ரொட்டிக்கடையில் எனக்கு வேலை அதிகாலை மூன்று மணி முதல் எட்டரை வரை. காலை பத்தரைக்குப் படுத்துத் தூங்கினால்தான் மாலை வகுப்பில் கண் திறந்திருக்கும்.

"பந்தை நான் கொண்டாரேன். நீ தூங்கேன், கண்ணு."

"நான் வரலன்னா ஏழுதானே, லோர்னா."

எல்லாரும் போன பிறகு, பதினோரு மணி வரை காரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு வெயிலில் மென்பந்தைப் பத்து முறை தட்டினேன். முட்டி வரை வந்தது. தூக்கக் கலக்கத்தில், தட்டியது ஒன்பதா பத்தா என்று சந்தேகம். மறுபடி பத்து. அப்போதும் முட்டிதான்.

நாளை வேலை முடிந்ததும் மென்பந்து ஆறு வாங்க வேண்டும். பதினொன்றுக்குள் களத்தில் இருக்க வேண்டும்.