பதினாறாம் நாள் பேச்சு

1931ஆம் வருஷம் மார்கழி தொடங்கி, உறுவையாற்றில் கண்ணையன் வீட்டுக்குள் பேசிய பேச்சு பதினாறாம் நாள்தான் காதில் விழுந்தது. அந்த வருஷம் நெல் சுமாராக விளைந்தது. கைக்குழந்தை பசித்து அழுத அழுகை, அது வயிறு நிறைந்து தூங்கும் நாளில் கேட்டது. மாமனார் பக்கிரி மருமகள் சின்னபொண்ணைத் திட்டிய திட்டு, அவரே அதை மறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது கூரையிலிருந்து இறங்கியது. அவளும் பதினாறு நாள் பொறுத்து அழுதாள். வீட்டை விட்டு வெளியே வந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஏழு அடி நடந்து வாசலில் நின்று பேசினால் பேசியது அப்போதே கேட்கும். இது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாசலில் அவர்கள் பெரும்பாலும் மாட்டோடுதான் பேசினார்கள்.

பக்கிரி மகன் கண்ணையனோடு எங்கேயும் பேசுவதில்லை. தன்னைக் கேட்காமல் மேட்டு வயலில் கரும்பு நட்டான் என்று 1925இல் வாயை மூடியவர் திறக்கவேயில்லை. கண்ணையனும் மன்னிப்புக் கேட்கவில்லை, கரும்பையும் விடவில்லை. 1936 ஐப்பசியில் கிழவர் படுக்கையில் விழுந்ததும் கண்ணையனுக்குப் பயம் வந்தது. சாவதற்குள் அப்பன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும், திட்டாக இருந்தாலும் சரி.

புதுச்சேரியிலிருந்து அதற்கு முந்தின வருஷமே பிரெஞ்சில் ஓர் உத்தரவு வந்திருந்தது. குழந்தை முதல் கிழவர் வரை, குடும்பங்களின் மகிழ்ச்சிக்காகக் கொமின் என்னும் ஊராட்சிப் பிரிவு தோறும் ஒரு கமிட்டி வைக்க வேண்டும். மகிழ்ச்சிக்குப் பிரெஞ்சில் பொனேர் என்று பெயர்; எழுத்தில் பார்த்தால் Bonheur, பாகூரின் Bahour போலவே இருக்கும். அதைப் படித்த குமாஸ்தா நாகராஜன், தான் பிறந்த பாகூரைத்தான் வெள்ளைக்காரன் தப்பாக எழுதியிருக்கிறான் என்று முடிவு செய்து, எழுத்தைத் திருத்தி, பாகூர்க் குடும்பங்களின் கமிட்டி என்று பலகை மாட்டினான். குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பையும் பெண்களுக்குக் கைக்கண்ணாடியும் கிழவர்களுக்குக் கம்பளித் தொப்பியும் கொடுக்கப்பட்டன. சோரியாங்குப்பத்தில் தொப்பிக்குள் கோழியை அடைவைத்தார்கள்.

குடும்பங்களுக்கென்று பாகூரில்தான் கமிட்டி இருக்கிறது, அது அப்பனைப் பேசவைக்கும் என்று நம்பிக் கண்ணையன் விடியற்காலையில் கிளம்பி, நடுவில் குறுக்கிடும் இங்கிலீஷ்காரன் எல்லையில் சுங்கச் சாவடியில் மடியை அவிழ்த்துக் காட்டி, உச்சிப் பொழுதில் பாகூர் போய்ச் சேர்ந்தான்.

"எந்த ஊருப்பா?" என்றான் நாகராஜன்.

"உறுவையாறுங்க. எங்கப்பாரு சாவக் கெடக்குறாரு. எங்கிட்ட ஒரு வார்த்த பேசலங்க."

"உறுவையாறு வில்லியனூர் கொமின். இது பாகூர்க்காரனுக்கு வந்த கமிட்டி."

"கெழவரு எல்லா ஊர்லயும் சாவுறாங்களே சாமி."

"அத்த பலகையில எழுதல. ஒங்கப்பன பாகூருல வந்து சாவச் சொல்லு, தொப்பி தரேன்."

தவறு 1940இல் வெளியே வந்தது. அதற்குள் தொப்பிகள் தீர்ந்துவிட்டன.

கண்ணையன் வீடு திரும்பியபோது சின்னபொண்ணு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "இன்னா, கமிட்டிக்காரன் வாய மூட்டையில கட்டிக் குடுத்தானா? கெழவர கட்டிலோட தூக்கினு வந்து இங்க போடேன்," என்றாள். அவன் உள்ளே போனான். அப்பன் தானாக அல்லவா பேச வேண்டும்.

கார்த்திகை இரண்டாம் தேதி பக்கிரி மகனைப் பார்த்து உதட்டை அசைத்தார். பிறகு செத்துப்போனார்.

பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் கருமகாரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கை நனைக்காமல் வீட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கிழவர் நிலத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. குரல் தவறாமல் வந்தது.

"கரும்பு நல்லாத்தான்டா வந்துச்சி, கண்ணையா."

இவ்வளவுதான் என்று தெரிந்ததும் எல்லாரும் இலைக்கு எழுந்தார்கள். மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த கண்ணையன் காலிக் கட்டிலைப் பார்த்து ஏதோ சொன்னான். அது மார்கழி மூன்றாம் தேதி, சின்னபொண்ணு தனியாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டது.

"ஒரு தபா வாசலுக்கு வந்து சொல்லியிருக்கலாமேப்பா."

சின்னபொண்ணு முறத்தை நிறுத்தவில்லை. வெளியே கண்ணையன் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏழு அடிதான்.

"ஒனக்குந்தான் காலு இருந்துச்சி," என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.

அது மார்கழி பதினெட்டாம் தேதி வீட்டுக்குள் கேட்டது. கண்ணையன் அப்போது மேட்டு வயலில் கரும்புக்குத் தோகை உரித்துக்கொண்டிருந்தான்.