மஞ்சள் காப்பும் வெள்ளை மாத்திரையும்

ஆஸ்டின் டவுன் சந்துக்குள் ரெமிஜியஸ் சைக்கிளைத் திருப்பியபோது, அவனுடைய கோல்கீப்பர் வீட்டு வாசலில் ஒரு வரிசை நின்றது. ஆளுக்கு ஓர் எலுமிச்சம்பழம்.

சனிக்கிழமை காலை. மறுநாள் ஃபுட்பால் ஃபைனல். அதைப் பார்க்க ஃபாக்டரி ஆபீசர் ஒருவர் வருகிறார். கோல்கீப்பர் பச்சைமுத்துவின் ஆட்டம் பிடித்துப்போனால் ஃபாக்டரி டீமில் இடம், கூடவே பர்மனென்ட் வேலை. கூட்ஸ் ஷெட்டில் ராத்திரியெல்லாம் மூட்டை தூக்குகிறவனுக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை. அப்படிப்பட்டவன் நேற்று பிராக்டிசுக்கே வரவில்லை. கேப்டன் ரெமிஜியஸுக்குப் பல் வலித்தது, கோபத்தில் அவ்வளவு கடித்திருந்தான்.

வரிசையில் முதலாவதாக நின்ற பக்கத்து வீட்டுச் சந்திரம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"செருப்ப கழட்டிட்டுப் போ ரெமி. உள்ள அம்மன் வந்திருக்கா."

பச்சைமுத்து சாப்பிடுவதில்லையாம். தூங்குவதில்லையாம். கை நடுங்குகிறதாம், கண் இமைப்பதில்லையாம், வாய் மூடாமல் குறி சொல்கிறானாம். ஃபைனலுக்கு முன்னால் ஃபார்வர்டு ஆட்கள் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றுவதும், கோல்கீப்பர் மாரியம்மன் கோயிலில் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டு ஒருவேளை சாப்பாட்டோடு விரதம் இருப்பதும் அந்த கிளப்பின் வழக்கம். அதனால் அவன் சாப்பிடாததை யாரும் சந்தேகப்படவில்லை. தூங்காததையும் அம்மன் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

உள்ளே பச்சைமுத்து சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தான். தாடை அரைத்துக்கொண்டே இருந்தது. மைதானத்தில் இடதுபக்க போஸ்ட் சாய்ந்துவிட்டதாம். பால்காரன் வேவு பார்க்கிறானாம். எல்லாவற்றுக்கும் சூத்திரதாரி மாற்று கோல்கீப்பர் ஓஸ்வால்ட்.

"அவன் என் எடத்தப் புடிக்கப் பாக்கறான் கேப்டன். அந்த வேல அவனுக்குத்தான்னு எல்லாம் பேசி முடிச்சாச்சு."

"ஓஸ்வால்டா? போஸ்ட்ல சாஞ்சிக்கினு வேர்க்கடல தின்றவன்டா அவன்."

"அதான் வேஷம்."

ரெமிஜியஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். நாடி குதித்தது. இந்தத் தாடையை அவன் முன்பே பார்த்திருக்கிறான். அவன் போயிருந்த பர்மா சண்டையில், தூங்காமல் காவல் நிற்க மாத்திரை விழுங்கிய சிப்பாய் ஒருவன், வாழைத்தோப்பை ஜப்பான்காரன் என்று சுட்டுத் தீர்த்தான்.

"இன்னா மாத்திர முழுங்கின?"

பச்சைமுத்து பெருமையாகத் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்தான். சிவாஜிநகரில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிற கடையில் வாங்கியது. மூட்டை தூக்கிவிட்டு காலையில் பிராக்டிசும் பண்ண வேண்டுமே. முதலில் ஒன்று போட்டதும் மூட்டை பஞ்சானது. பிறகு ஒன்று போதவில்லை. பிறகு எத்தனை என்று அவனே பார்க்கவில்லை. பசி போயிற்று, களைப்பு போயிற்று, கடைசியில் அம்மனே வந்துவிட்டாள் என்று அவனும் நம்பிவிட்டான்.

டப்பியைப் பிடுங்கிக்கொண்டு ரெமிஜியஸ் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னான். ஒரு எலுமிச்சம்பழம்கூட நகரவில்லை.

"மாத்திரன்னா, தொலஞ்ச என் ஆடு தொம்மலூர்ல இருக்குன்னு எப்படிச் சொல்லுச்சாம்?" என்றாள் சந்திரம்மா.

"ஆடு கெடச்சுதா?"

"இன்னும் போய்ப் பாக்கல."

மாத்திரை இல்லாமல் சாயங்காலமே பச்சைமுத்து வெட்டிய மரமாகச் சாய்ந்தான். ஞாயிறு மதியம் வரை எழவில்லை. தண்ணீர் தெளித்தார்கள், உலுக்கினார்கள். ஒரு கண்ணைத் திறந்தான், காரணமில்லாமல் அழுதான், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கிறிஸ்தவன் கை வைத்ததும் அம்மன் இறங்கிப் போய்விட்டாள் என்று தெரு முடிவு கட்டியது.

அவன் மனைவி சரளா ரெமிஜியஸின் சட்டைப் பையையே பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணே. ஆட்டம் முடியற வரைக்கும் நின்னா போதும். இந்த வேல போச்சுன்னா ஆயுசுக்கும் மூட்டதான்."

டப்பி பையில் கனத்தது. ஒன்று கொடுத்தால் எழுந்து நிற்பான், சந்தேகமில்லை.

"அவன் நெஞ்சுல கைய வச்சுப் பாரு சரளா. இன்னும் தாளம் தப்பித்தான் அடிக்குது. இதுக்கு மேல ஒண்ணு போட்டா ஆட்டம் முடியறதுக்குள்ள ஆளு முடிஞ்சுடுவான்."

அவள் கை வைத்துப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்கவில்லை. டப்பியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ரெமிஜியஸ் மைதானத்துக்குச் சைக்கிளை மிதித்தான்.

கோலில் ஓஸ்வால்ட் நின்றான். பந்து அவனைத் தேடித் தேடி வந்தது. ஒன்று முழங்காலில் பட்டுத் திரும்பியது. ஒன்று, அவன் கொட்டாவி விடக் கையைத் தூக்கியபோது உள்ளங்கையில் மோதியது. கடைசி நிமிஷப் பெனால்டிக்கு அவன் அவிழ்ந்த நிக்கர் நாடாவைக் கட்டக் குனிந்தான்; பந்து முதுகில் பட்டு வெளியே போயிற்று. கோப்பை கிடைத்தது. ஃபாக்டரி ஆபீசர் எழுந்து நின்று கைதட்டினார்.

ஓஸ்வால்டுக்குத்தான் வேலை என்று அங்கேயே சொல்லிவிட்டார். பச்சைமுத்துவைப் பற்றி ரெமிஜியஸ் தொண்டை வறளச் சொன்னதற்கு, ஒரு கோலுக்கு ஒரு ஆள் போதுமே என்றார்.

திங்கட்கிழமை பச்சைமுத்து எழுந்து, குண்டான் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ரெமிஜியஸ் மெதுவாக விஷயத்தைச் சொன்னான். பிசைந்த கை நின்றது.

"ஓஸ்வால்டுக்கா?"

"ம்."

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

அது மாத்திரை பண்ணின பேச்சு என்று ரெமிஜியஸ் விளக்கினான். திரும்ப விளக்கினான். சரளாகூட இப்போது அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வெறுத்துப்போய் வெளியே வந்தான். வாசலில் எலுமிச்சம்பழ வரிசை முன்னைவிட நீளமாக நின்றது.

சந்திரம்மாவை மட்டும் காணோம். தொம்மலூருக்கு ஆடு தேடப் போயிருந்தாள்.