சம்பூர்ணம்மாவின் காலி மனையும் என் ஜன்னலும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என் தலையில் விழுந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கீழே போர்ட்டிகோவில் நகர் நலச் சங்கக் கூட்டம் நடந்தபோது என்னைப் பற்றிப் பேசினார்கள். அதுவரை மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் மற்றவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அது சௌகரியமான வேலை. யாரும் நம்மைத் திருப்பி எழுத மாட்டார்கள்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வழக்கில் நானும் ஒரு கட்சி. நடுநிலையான கதை வேண்டுபவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். (கொஞ்சம் கோபித்துக்கொள்வேன். வெளியே சொல்ல மாட்டேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கொளவாய் ஏரியின் மேல் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நீர்க்காகங்கள் கூட்டமாக'

நிறுத்திவிட்டேன். எங்கள் தெருவிலிருந்து ஏரி தெரியாது. தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

அடுத்தது: 'நகரங்கள் வளர வளர, பழைய குடியிருப்புகளின் காலி மனைகளில் புதிய வீடுகள் எழுவது குறித்து இருவேறு கருத்துகள் நிலவு'

இது பரீட்சை விடை. மார்க் கிடைக்கும், படிக்க ஆள் கிடைக்காது.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். செங்கல்பட்டில், நாற்பது வருஷத்துக்கு முன் மனை போட்ட ஒரு நகர். கல்பாக்கத்திலும் தாலுகா ஆபீசிலும் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு மனை வாங்கித் தனி வீடு கட்டினார்கள். சம்பூர்ணம்மாவின் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு வாங்கினார். ஒன்றில் வீடு. இன்னொன்று காலி. அவர் காலமான பிறகும் அது காலிதான். அந்த மனைக்கு இந்தப் பக்கம் சுப்புராமன் சார் வீடு. அதன் மாடியில் வாடகைக்கு நாங்கள். என் அறையில் இருப்பது ஒரே ஜன்னல். அது அந்தக் காலி மனையைப் பார்த்தது.

நீர்க்காகம் இல்லாமலே கதை நடக்கும் போலிருக்கிறது.

3

ஆடி மாதம் சம்பூர்ணம்மா பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தார். கூப்பிட்டார். ஒரு பக்கம் காலி மனை. மறுபக்கம் பூட்டின வீடு, அவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நாங்கள் அன்று மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். சுப்புராமன் சார் வீட்டில் டிவி ஓடியது. சிலிண்டர் போட வந்தவர் பின்பக்கம் எட்டிப் பார்த்ததால்தான் விஷயமே தெரிந்தது. இடுப்பு தப்பியது. மணிக்கட்டு போனது.

மகள் திவ்யா சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "இனிமே நீ இங்க தனியா இருக்கக் கூடாதும்மா. எல்லாத்தையும் வித்துட்டு என் ஃப்ளாட்டுக்கு வந்துடு."

சம்பூர்ணம்மா ஒரு மாற்று யோசனை கண்டுபிடித்தார். காலி மனையில் கீழே ஒன்று, மேலே இரண்டு என்று மூன்று சின்ன வீடுகள். மூன்று குடித்தனம். திவ்யா யோசித்து, தை பிறப்பதற்குள் வேலை ஆரம்பித்தால் சரி, இல்லையென்றால் விற்றுவிடுவது என்று ஒப்புக்கொண்டாள்.

எங்கள் அம்மாவிடம் சம்பூர்ணம்மா சொன்னது மாடிவரை கேட்டது. "பதினோராவது மாடிம்மா அவ வூடு. கீய பாத்தா மன்சன் எறும்பாட்டம் கீறான். அங்க போயி நான் இன்னா பண்ணுவேன்? கூப்டா கேக்கற தூரத்துல நாலு பேர் இருந்தா போதும். நான் பாட்டுக்கு இங்கியே இருந்துக்குவேன்."

4

நகர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாடகைக்காரர்களுக்கு இடமில்லை. ஆனாலும் அதில் வந்த முதல் எதிர்ப்பை எழுதியது நான்தான்.

சுப்புராமன் சார் சங்கத் தலைவர். அவருக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. அம்மாவிடம் போனைக் கொடுத்தனுப்பி, படியில் நின்று குரல் கொடுப்பார்.

"கொஞ்சம் உருக்கமா போடச் சொல்லுங்கம்மா. படிச்சா கண் கலங்கணும்."

'அமைதியும் பசுமையும் பாரம்பரியமும் மிக்க நமது நகரில்...' என்று போட்டேன். பாரம்பரியம் என் சொந்தச் சேர்ப்பு. வாக்கியத்துக்கு மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டது. (அச்சில் வராவிட்டாலும் முப்பது பேர் படித்த என் முதல் எழுத்து அது. பதினாறு கைகூப்புகள் கிடைத்தன. இந்தக் கதைக்கு அத்தனை கிடைக்காது.)

அதன் பிறகு பிடித்துக்கொண்டது. கார் நிறுத்த இடமிருக்காது என்றார் ரமேஷ். அவருடைய இரண்டாவது கார் நிற்பதே அந்தக் காலி மனையில்தான். பசுமை போய்விடும் என்று ஹரிகிருஷ்ணன் எழுதினார், மிக நீளமாக. போர்ட்டிகோ தகரத்தில் இலை விழுகிறதென்று போன வருஷம் மாமரத்தை வெட்டியவர் அவர். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிடும் என்று இன்னொருவர் சொன்னார். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு, அதனால் அவரைக் கிண்டல் செய்ய முடியவில்லை. நடுவில் யாரோ ரோஜாப்பூ போட்டு 'இனிய காலை வணக்கம்' அனுப்பினார்கள்.

மணிக்கட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரம் சரியாக வரவில்லை.

சுப்புராமன் சாரை வில்லனாக வைத்துத்தான் திட்டம் போட்டேன். பெரிய மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு சங்க ரப்பர் ஸ்டாம்பு. ஆனால் சம்பூர்ணம்மா விழுந்த அன்று லுங்கியோடு காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் அவர். எக்ஸ்ரே எடுக்கும்வரை உட்காராமல் நின்றாராம். 'டிவியச் சத்தமா வெச்சிருந்தேனே' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு எப்படி வில்லன் செய்வது? வேறு ஒருவரைப் போடலாம் என்றால் தெருவில் காலியாக யாரும் இல்லை.

அவருக்கு மாற்றம் பிடிக்காது. அவ்வளவுதான். சம்பூர்ணம்மா இருக்க வேண்டும், மனையும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது என்பதை அவரிடம் யார் சொல்வது? நான் சொல்ல மாட்டேன். நான் டைப் அடிப்பவள்.

6

கார்த்திகையில் முகூர்த்தம் பார்த்துப் பூமி பூஜைக்கு நாள் குறித்தார் சம்பூர்ணம்மா. யாரும் போவதில்லை என்று குழுவில் முடிவானது. (டைப் அடித்தது நான்.)

பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் சம்பூர்ணம்மா தட்டில் பழமும் வெற்றிலைபாக்கும் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார். வெற்றிலைபாக்கு வைத்துக் கூப்பிட்டவர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? வீட்டுப் பெண்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சகுந்தலா ஆன்ட்டி, அதாவது சுப்புராமன் சாரின் மனைவி, மறுநாள் காலை பட்டுப்புடவையில் வாசலில் நின்றார்.

"வரேளா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?"

"நாமதானே எதிர்க்கறோம்?"

"எதிர்ப்பு கட்டடத்துக்கு. பூஜைக்கு என்ன வந்தது? குளிச்சுட்டு வாங்கோ."

தெருவே வந்தது. ரமேஷ் பூஜைக்கு இடம் வேண்டுமென்று காரை நகர்த்திக்கூட வைத்தார். மேஸ்திரி மோகன், மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட் வேலை செய்பவர், மஞ்சள் தடவின செங்கல்லை எடுத்து நேராக சுப்புராமன் சார் முன்னால் நீட்டினார். மோகனுக்கு வாட்ஸ்அப் விவகாரம் எதுவும் தெரியாது.

"சார், தெருவுக்கே பெரியவரு நீதான். மொதக் கல்லு உன் கையால வெய்யி."

"நானா? இல்லப்பா, நான் வந்து..."

"இன்னா சார் யோசிச்சுகினு கீற? நல்ல நேரம் போவுது, வா சார்."

சார் வைத்தார். வைத்துவிட்டு எழுந்தவர், திரும்பக் குனிந்து பார்த்தார். "கோணலா இருக்கேப்பா. அந்த நூலைக் கொண்டா." நூல் பிடித்து, தட்டி, நேராக்கினார். பிறகு எல்லோரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்கள்.

சகுந்தலா ஆன்ட்டி அந்தப் போட்டோவைக் குழுவில் போட்டார். மேலே எதிர்ப்பு அறிக்கை. அதற்குக் கீழே, அறிக்கை விட்டவர் குந்தி உட்கார்ந்து கல் வைக்கிறார். அதற்கும் பதினாறு கைகூப்புகள்.

7 

(இங்கே தெருவில் மூடுபனி இறங்குவதாக ஒரு வர்ணனை எழுதி, எடுத்துவிட்டேன்.)

போட்டோ வந்த பிறகு பேசாமல் இருக்க முடியாதே. போன ஞாயிறு கூட்டம் போட்டார்கள். சம்பூர்ணம்மா மோகனோடு வந்தார்.

"சார், நகராட்சியில பிளானு பாஸாயிடுச்சு. நாளைக்கே கட்டலாம். ஆனா தெருவே மூஞ்சத் திருப்பிக்கினா நான் எதுக்குக் கட்டணும்? திரும்ப வியுந்து கூப்டா நீங்கதான வரணும்?"

பாரம்பரியம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ள ஆளில்லை. அப்போதுதான் சுப்புராமன் சார் தொண்டையைச் செருமினார்.

"எனக்காகச் சொல்லலம்மா. மாடியில அந்தப் பொண்ணு இருக்கு. பள்ளிக்கூடமும் போறதில்ல, வெளியிலயும் வராது. நாள் பூரா அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து ஏதோ எழுதிண்டிருக்கு. சுவர் எழும்பினா அந்த ரூம் இருட்டு. அது எங்க போகும்?"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். திரை அசையாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

(அந்த ஜன்னல் மேல் சாருக்கு இத்தனை அக்கறை என்பது எனக்குத் தெரியாது. போன மழையில் அதன் கொக்கி உடைந்ததைச் சொன்னோம். இன்னும் கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கிறோம். ஆனால் அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. அது நிஜம். அவரை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை.)

"சுவரைக் கொஞ்சம் தள்ளிக்கலாமா மோகனு?" என்றார் சம்பூர்ணம்மா.

"ரூல்படி வுட வேண்டியத வுட்டாச்சுமா. இன்னும் தள்ளினா படிக்கட்டுக்கு எடமில்ல. மேல் வூட்டுக் குடித்தனக்காரன் இன்னா பறந்தா போவான்?"

சம்பூர்ணம்மா சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் பொண்ணையே கேளுங்க. அது வாயால வேணாம்னு சொல்லட்டும். திவ்யாவ வரச் சொல்லி வித்துட்டுப் போயிடறேன். யாரு மேலயும் வருத்தமில்ல."

"அது பேசாதும்மா," என்றார் சார்.

"அடுத்த ஞாயித்துக்கெயம வரைக்கும் காத்துகினு கீறேன். அதுக்குள்ளவா பேச்சு வராது?"

8

இன்று அந்த ஞாயிறு. கீழே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கிறது.

முடிவுகள் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதல் முடிவு: நான் இறங்கிப் போய் "கட்டுங்க" என்கிறேன். கை தட்டுகிறார்கள். ரமேஷ் தன் காரை நிரந்தரமாக எடுத்துவிடுகிறார். எடுப்பாரா? அங்கேயே கதை நம்பும்படி இல்லாமல் போகிறது. தவிர, அந்தப் பெண் ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். இருட்டு அறையில் உட்கார்ந்து அவள் யாரைத் திட்டுவாள் என்பதை நான் எழுதவில்லை.

இரண்டாவது: "வேணாம்." சம்பூர்ணம்மா பதினோராவது மாடிக்குப் போகிறார். வீட்டையும் மனையையும் சேர்த்து வாங்கியவர் இடித்துவிட்டு இன்னும் பெரிதாகக் கட்டுகிறார். ஜன்னலும் போகிறது. எழுதும்போது திருப்தியாக இருந்தது. மறுநாள் படித்தால், என்னைப் பயமுறுத்தி நல்ல வழிக்குக் கொண்டுவர நானே கண்டுபிடித்த ஆள்தான் அந்த வாங்கியவர். நிஜத்தில் யாராவது வாங்கிப் பூட்டிவிட்டுப் போய்விட்டால்? மனை காலியாகவே கிடக்கும். எனக்கு வெளிச்சம் நிறைய வரும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சம்பூர்ணம்மாவைப் பற்றி அழகாக

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

அம்மா படியில் நின்று கூப்பிடுகிறாள். அதனால் முடிவை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் தெருவிலும் ஒரு காலி மனை இருக்கும். நாளை காலை அதில் யாராவது சுண்ணாம்புக் கோடு போட்டால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதே வார்த்தையை என் வாயில் போடுங்கள். எனக்கென்று தனியாக நல்லதாக ஒன்று தயாரிக்க வேண்டாம்.

கடைசிப் படிக்கு வந்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சுப்புராமன் சார் எனக்காக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். சம்பூர்ணம்மா, சரியாகக் கூடாத மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு, என் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"சொல்லு கண்ணு," என்கிறார்.